கல்யாணக் காசெட்டில் பாதியைத் தொலைத்துவிடாதீர்கள்!

பழைய வீடியோவை டி.வி.டி. தட்டில் பதியும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற சாலையில் இருக்கிறது காரமடை. மாசி மகம் வந்துவிட்டால் ஊர் கொள்ளாத கூட்டம் கூடும். அரங்கநாதர் தேரில் வருவார். தாசர்கள் பந்தம் ஏந்தி ஆடி வருவார்கள். "பந்த சேவை" என்று அதற்குப் பெயர்.

எரியும் பந்தம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பாய்கிறது. அந்த அசைவுதான் அழகு. அசைவை எடுத்துவிட்டால் வெறும் நெருப்புப் பொட்டுதான் மிஞ்சும்.

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் திருவிழாவை வீடியோ எடுத்தவர்கள் உண்டு. அதைவிட அதிகமாக எடுக்கப்பட்டவை கல்யாணங்கள், காதுகுத்துகள், சீர்கள். கொங்கு நாட்டில் எத்தனையோ வீட்டு பீரோக்களில் அந்தக் கறுப்புக் காசெட்டுகள் இன்றும் தூங்குகின்றன. இன்று உயிரோடு இல்லாத தாத்தா அதில் நடக்கிறார். அப்பத்தாள் சிரிக்கிறாள்.

"காசெட் கெட்டுப் போவதற்குள் டி.வி.டி.யில் ஏற்றிவிடலாம்" என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஏற்றுகிற விதம் தவறினால், படத்தில் பாதி காணாமல் போகும். போனது போனதுதான். திரும்ப வராது!

அது எப்படி? பார்ப்போம்.

படம் அசைவது எப்படி?

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமாவிலும் சரி, டெலிவிஷனிலும் சரி, படம் உண்மையில் அசைவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வருகின்றன. நம் கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, அசைவாக எடுத்துக்கொள்கிறது.

சினிமா கோவைக்குப் புதிதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்" 1954-ல் வெளிவந்தது. அது கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் தயாரிப்பு.

பேசும் படங்களில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் முழுப் படம். தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் எடுத்தது. இப்படி முழுமுழுப் படமாக வருவதைத்தான் "புரோகிரசிவ்" என்கிறார்கள்.

டெலிவிஷன் வேறு வழியில் வந்தது.

லண்டனில் நடந்த போட்டி

1936-ம் ஆண்டு நவம்பர் 2-ம் தேதி. லண்டனில் அலெக்சாண்ட்ரா பாலஸ் என்ற மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கியது.

அப்போது இரண்டு முறைகள் போட்டி போட்டன. ஒன்று, ஜான் பெயர்டு என்பவரின் கம்பெனி கொண்டுவந்தது. அதில் படத்துக்கு 240 கோடுகள். வினாடிக்கு 25 முழுப் படங்கள். மற்றொன்று, மார்க்கோனி - இ.எம்.ஐ. கம்பெனியின் முறை. அதில் 405 கோடுகள். வினாடிக்கு 50 அரைப் படங்கள்.

அது என்ன அரைப் படம்? பழைய டெலிவிஷன் பெட்டியில் படம் கோடு கோடாக வரையப்படும். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கோடுகளையும் ஒரே மூச்சில் வரைந்தால் அது முழுப் படம். முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் வரைந்து, பிறகு திரும்பி வந்து 2, 4, 6 என்று இரட்டைப்படைக் கோடுகளை வரைந்தால் அவை இரண்டு அரைப் படங்கள். இந்த முறைக்குத்தான் "இன்டர்லேஸ்டு" என்று பெயர்.

இரு முறைகளும் மாறி மாறி ஒளிபரப்பப்பட்டன. பெயர்டு முறையில் வினாடிக்கு 25 தடவைதான் திரை ஒளிர்ந்தது. அதனால் படம் மினுக்கியது. காமிரா வசதியும் அதில் குறைவு. ஸ்டூடியோக் காட்சிகளைப் பிலிமில் எடுத்து, அங்கேயே கழுவி, ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்தே அனுப்ப முடிந்தது. 1937-ம் ஆண்டு பிப்ரவரியில் பெயர்டு முறை கைவிடப்பட்டது. அரைப் பட முறை வென்றது.

சிறுமுகைத் தறியைப் பாருங்கள்

புரியவில்லையா? காரமடைக்குப் பக்கத்தில் சிறுமுகை இருக்கிறது. கைத்தறிப் புடவைக்குப் பேர்போன ஊர். அங்கே தறியில் சாதாரண நெசவு நெய்பவரைக் கவனியுங்கள்.

ஒரு மிதியை மிதித்தால் ஒற்றைப்படைப் பாவு நூல்கள் மேலே ஏறுகின்றன. நாடா ஓடுகிறது. மறு மிதியை மிதித்தால் இரட்டைப்படை நூல்கள் ஏறுகின்றன. மறுபடி நாடா ஓடுகிறது. இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் துணி உண்டாகும்.

டெலிவிஷன் படமும் அப்படித்தான். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை. இரண்டும் பின்னிக்கொண்டு கண்ணுக்குப் படமாகத் தெரிகிறது.

ஏன் இந்தச் சுற்று வழி? வினாடிக்கு 25 தடவை மட்டும் திரை ஒளிர்ந்தால் கண் கூசும். 50 தடவை முழுப் படம் அனுப்பினால், வானொலி அலையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். அரை அரையாக 50 தடவை அனுப்பினால் இடமும் மிச்சம், மினுக்கலும் குறைவு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

நம் நாட்டில் டெலிவிஷன் 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ல் டில்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. கலர்ப் படம் 1982-ல் வந்தது. நாம் எடுத்துக்கொண்ட கலர் முறைக்கு "பால்" என்று பெயர். அதில் மொத்தம் 625 கோடுகள். அவற்றில் படம் தெரிவது 576 கோடுகளில். ஓர் அரைப் படத்துக்கு 288 கோடுகள். வினாடிக்கு 50 அரைப் படங்கள்.

நம் வீட்டு வி.எச்.எஸ். காசெட்டும் இந்த முறையில்தான் பதிவானது. 1995-ல் வந்த மினி டி.வி. என்ற சிறிய நாடாக்களும் பெரும்பாலும் இதே வழிதான்.

இதுதான் முக்கியம்

இனிச் சொல்வதை நன்றாகக் கவனியுங்கள்.

இரண்டு அரைப் படங்களும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல! ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வினாடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் ஓடிவிடுகிறது. முதல் அரைப் படத்தில் பந்தம் ஓர் இடத்தில் இருக்கும். அடுத்த அரைப் படத்தில் அது நகர்ந்திருக்கும்.

ஆகவே ஒரு மணி நேரக் காசெட்டில் 1,80,000 கணங்கள் பதிந்திருக்கின்றன. மூன்று மணி நேரக் காசெட் என்றால் 5,40,000 கணங்கள். வி.எச்.எஸ். படம் அவ்வளவு கூர்மையானது அல்ல என்பது உண்மைதான். ஆனால் அசைவு முழுவதும் அதில் இருக்கிறது.

பழைய பெட்டி டெலிவிஷனில் இந்த அரைப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. தொல்லை இல்லை. இன்றைய தட்டை டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் அப்படி அல்ல. அவை எல்லாக் கோடுகளையும் சேர்த்தே காட்டுகின்றன. இரண்டு அரைப் படங்களை அப்படியே ஒட்டிக் காட்டினால் என்ன ஆகும்? அசையாத சுவரும் தூணும் சரியாக இருக்கும். அசைகிற கையின் ஓரம் மட்டும் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரிந்து நிற்கும்.

கடையில் நடக்கும் பேச்சு

இந்தச் சீப்புப் பல்லைக் கண்டுதான் பலரும் பயந்துபோகிறார்கள். கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"ஏனுங்க, கம்ப்யூட்டர்ல பார்த்தா ஓரமெல்லாம் கோடு கோடாத் தெரியுதுங்களே?"

"அதுங்களா? ஒரு பட்டன் தட்டுனாப் போயிருமுங்க. சுத்தமாப் பண்ணித் தந்தர்றேனுங்க."

பட்டனைத் தட்டுகிறார். கோடுகள் மறைகின்றன. வந்தவரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறார்.

ஆனால் கோடுகள் எப்படி மறைந்தன? பல நேரங்களில், இரண்டு அரைப் படங்களில் ஒன்றை அப்படியே தூக்கி எறிந்துவிட்டார்கள்! மீதி இருக்கும் 288 கோடுகளை இழுத்து நீட்டி 576 ஆக்கிவிட்டார்கள். மணிக்கு 90,000 கணங்கள் குப்பைக்குப் போய்விட்டன. பந்தம் இப்போது வழுக்கி ஓடாது. தத்தித் தத்திப் போகும்.

உண்மையில் அந்தச் சீப்புப் பல் நோயே அல்ல. தட்டில் இரண்டு அரைப் படங்களும் பத்திரமாக இருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். அதைச் சரிசெய்து காட்டுவது டெலிவிஷனின் வேலை, டி.வி.டி. பிளேயரின் வேலை. தட்டில் பதிகிறவரின் வேலை அல்ல.

வி.சி.டி. செய்த சேதம்

இதில் ஒரு சோகமான கதையும் உண்டு.

வி.சி.டி. என்ற முறை 1993-ல் வந்தது. பிறகு நம் ஊர்களிலும் பரவியது. "காசெட்டை சி.டி. ஆக்கித் தருகிறோம்" என்று போர்டு வைத்த கடைகள் பெருகின. ஆனால் வி.சி.டி.யின் படத்துக்கு 288 கோடுகள்தான். அதாவது, பாதி. அரைப் படங்களைப் பின்னி வைக்க அதில் இடமே இல்லை. வினாடிக்கு 25 படங்கள், அவ்வளவுதான்.

சி.டி. கைக்கு வந்ததும், "இனி இது எதற்கு?" என்று காசெட்டைத் தூக்கி எறிந்த வீடுகளுக்கு, மீதிப் பாதி என்றைக்கும் கிடைக்காது. காசெட்டை வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

1996-ல் வந்த டி.வி.டி. இதற்கு மேலானது. படத்துக்கு 576 கோடுகள். வினாடிக்கு 50 அரைப் படங்களையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். காசெட்டில் இருப்பதை இருந்தபடி ஏற்றலாம். வசதி இருந்தும் பயன்படுத்தாமல் விடுவதுதான் பரிதாபம்!

நான்கு தவறுகள்

தட்டில் ஏற்றும்போது நடக்கும் தவறுகள் நான்கு.

ஒன்று: ஓர் அரைப் படத்தை எறிந்துவிடுவது. இதை மேலே பார்த்தோம். திருத்த முடியாது.

இரண்டு: இரண்டு அரைப் படங்களையும் கலந்து ஒன்றாக்குவது. மோரும் தண்ணீரும் கலந்தது போல ஆகிவிடும். அசையும் கைக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் கை தெரியும். பிரித்து எடுக்க முடியாது.

மூன்று: சீப்புப் பல் இருக்கும்போதே படத்தின் உயரத்தை மாற்றுவது. 576 கோடுகளை 480 ஆகச் சுருக்கினால், ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதன்பிறகு எந்த டெலிவிஷனாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. நான்கிலும் மிக மோசமானது இதுதான்.

நான்கு: வரிசையை மாற்றிவிடுவது. எந்த அரைப் படம் முதலில் வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மினி டி.வி. நாடாவில் கீழ்க்கோட்டு அரைப் படம் முதலில் வரும். சில கருவிகளில் மேல்கோடு முதலில் வரும். இதை மாற்றிப் பதிந்தால், 1, 2, 3, 4 என்று வர வேண்டியது 2, 1, 4, 3 என்று வரும். அதாவது, தேர் மூன்றடி முன்னே போய் ஓரடி பின்னே வரும்! படம் நடுங்கும். நல்ல வேளையாக, அரைப் படங்கள் இரண்டும் உள்ளே இருப்பதால் இதைப் பிறகு திருத்தலாம்.

சினிமாவுக்கு வேறு கணக்கு

அப்படியானால் எல்லா வீடியோவையும் அரைப் படமாகத்தான் பதிய வேண்டுமா? அப்படியும் இல்லை.

"மலைக்கள்ளன்" போன்ற சினிமாப் படம் முழுமுழுப் படமாக எடுத்தது. அதை முழுப் படமாகவே பதிய வேண்டும். நம் 25 பட முறைக்குக் கொண்டுவரும்போது வழக்கமாகச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்! பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

இன்று செல்போனில் எடுக்கிற படமும் முழுப் படம்தான். அதை வீணாக அரை அரையாக வெட்டக் கூடாது.

ஆக, விதி ஒன்றுதான். எடுத்தது எப்படியோ, பதிவதும் அப்படியே. அரைப் படமாகப் பிறந்தது அரைப் படமாக இருக்கட்டும். முழுப் படமாகப் பிறந்தது முழுப் படமாக இருக்கட்டும்.

செல்போனில் பார்க்க வேண்டுமா?

"எங்கள் வீட்டில் டி.வி.டி. பிளேயரே இல்லையே! மகன் வெளிநாட்டில் செல்போனில் பார்க்க வேண்டுமே!" என்பீர்கள்.

அதற்கும் வழி உண்டு. அரைப் படம் ஒவ்வொன்றையும் ஒரு முழுப் படமாக வளர்த்து, வினாடிக்கு 50 முழுப் படங்களாகத் தனிக் கோப்பு ஒன்று செய்யச் சொல்லுங்கள். இல்லாத கோடுகளை முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். இதில் அசைவு குறையாது. வினாடிக்கு 25 படம் என்று செய்தால் பாதி அசைவு போய்விடும். 50 என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

டி.வி.டி. தட்டு வினாடிக்கு 50 முழுப் படங்களை ஏற்காது. ஆகவே தட்டுக்கு ஒரு பதிவு, செல்போனுக்கு ஒரு பதிவு என்று இரண்டாகச் செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டரில் பார்ப்பவர்களுக்கு வி.எல்.சி. என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதில் "டீஇன்டர்லேஸ்" என்ற வசதியைப் போட்டு, "யாடிஃப் 2 எக்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சீப்புப் பல் மறையும். பார்க்கும்போது மட்டும்தான் மறையும். பதிவுக்கு ஒரு சேதமும் இல்லை.

கடைக்காரரிடம் கேளுங்கள்

காசெட்டைக் கொடுக்கும் முன்பு இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். பொருள் உங்களுடையது.

"அரைப் படம் இரண்டையும் வைத்து இன்டர்லேஸ்டாகப் பதிவீர்களா?"

"படம் 576 கோட்டிலேயே இருக்குமா? உயரத்தை மாற்றுவீர்களா?"

"ஒரு தட்டில் எத்தனை மணி நேரம் ஏற்றுவீர்கள்?" சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

"ஐந்து நிமிடம் மட்டும் முதலில் பதிந்து தருவீர்களா?"

அந்த ஐந்து நிமிடத்துக்கு, அசைவு மிகுந்த இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம், ஓட்டம், அட்சதை தூவுதல், எதுவாகவும் இருக்கலாம். வீட்டு டெலிவிஷனில் ஓட்டிப் பாருங்கள். கை வழுக்கிக்கொண்டு போனால் நல்ல பதிவு. தத்தித் தத்திப் போனால் ஓர் அரைப் படம் போய்விட்டது. நிழல் கை தெரிந்தால் கலந்துவிட்டார்கள். முன்னும் பின்னும் நடுங்கினால் வரிசை மாறிவிட்டது. எது தவறு என்று கையே சொல்லிவிடும்.

இன்னும் ஒன்று. காசெட்டைப் போட்டுக் காட்டும் கருவிகளை இப்போது யாரும் செய்வதில்லை. கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ம் ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. காசெட்டிலோ ஈரம் பட்டால் பூசணம் பூக்கும். வெண்மையாகப் பூத்த காசெட்டை வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துவிடலாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பதிந்து முடிந்ததும், தட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். தட்டும் நாளாவட்டத்தில் கெடக்கூடியதுதான். ஆகவே அதே பதிவை ஹார்டு டிஸ்கிலும் போட்டுவையுங்கள்.

முக்கியமாக, காசெட்டை எறிந்துவிடாதீர்கள். பதிவு தவறாகப் போனாலும் காசெட் கையில் இருந்தால் மறுபடி முயலலாம். காசெட்டும் போய்விட்டால், அப்பத்தாள் நடந்த நடையில் பாதி போனது போனதுதான்.